சிறிய லீவர்லெஸ் கன்ட்ரோலர் வாங்கும் முன்: எதை நீக்கிச் சிறிதாக்கினார்கள்?

சண்டை விளையாட்டுகளுக்கென லீவர்லெஸ் கன்ட்ரோலர் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தவருக்கு, சந்தையில் குவிந்திருக்கும் மாடல்களின் எண்ணிக்கையே முதல் இடையூறாகிவிடுகிறது. மடி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பழைய வகைப் பெட்டி ஒருபுறம் இருக்க, மடிக்கணினியோடு அதே பையில் செருகிவிடக்கூடிய தட்டையான சிறு பலகைகள் மறுபுறம் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. சிறியதை வாங்கலாமா, வாங்குவதென்றால் எந்த வகையை வாங்குவது என்பதை மற்றத் தேர்வுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அளவிலிருந்து தேர்வைத் தொடங்குவது தவறு என்பது என் கருத்து. பெரிய பெட்டி சிறிய பலகையாக மாறிய வழியில் எவையெல்லாம் வெளியே எடுக்கப்பட்டன, அவற்றுள் எது நமக்கு இல்லாமல் முடியாதது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லீவர்லெஸ் என்பது ஆர்கேட் ஸ்டிக் என்னும், பிடியும் பட்டன்களும் கொண்ட பெட்டியிலிருந்து பிடியை (லீவரை) அகற்றிவிட்டு, நான்கு திசைகளுக்கும் நான்கு பட்டன்களை வைத்த கருவி. இடம், கீழ், வலம் ஆகிய மூன்றும் இடக்கை விரல்களின் கீழே வரிசையாக அமையும். மேலே குதிப்பதற்கான பெரிய பட்டன் கட்டைவிரல் விழும் இடத்தில் இருக்கும். இந்த அமைப்பைப் பரவலாக்கியது ஹிட் பாக்ஸ் நிறுவனம்; அதன் பெயரையே பலர் இன்றும் இவ்வகைக் கருவி அனைத்துக்கும் பொதுப்பெயராகச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டிகள் பெரிதாக இருந்ததற்குக் காரணம் ஆடுபவரின் கை அன்று. 24 மில்லிமீட்டரும் 30 மில்லிமீட்டரும் விட்டம் கொண்ட, ஜப்பானிய சான்வா நிறுவனத்தின் ஆர்கேட் பட்டன்கள் பலகைக்குக் கீழேயும் நன்றாக நீண்டிருப்பவை. அவற்றையும் வயர்களையும் அடக்குவதற்குப் பெட்டி ஆழமாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் விசைப்பலகைகளுக்கான தாழ்ந்த உயர ஸ்விட்சுகள் வந்தபோது வயரும் போயிற்று, ஆழமும் போயிற்று. ஒரே சர்க்யூட் போர்டும் அதன் மேலும் கீழும் இரண்டு தகடுகளுமே கன்ட்ரோலராகிவிட்டன.

இன்று கிடைப்பவற்றை நான்கு வகையாகக் கொள்ளலாம். சான்வா பட்டன் கொண்ட முழு அளவுப் பெட்டி முதலாவது. ரேசர் கிட்சுனே, ஹோரி நோல்வா போன்ற, சோனியின் உரிமம் பெற்ற பெருநிறுவனத் தயாரிப்புகள் இரண்டாவது. இவற்றில் கிட்சுனே 2 சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமனுடையது என்றாலும், அகலத்தில் அதைச் சிறியது என்று சொல்வது கடினம். ஓட்42 வரிசையைப் போல, திறந்த மூல ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும், எவரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளில்) இயங்கும் உண்மையிலேயே சிறிய பலகைகள் மூன்றாவது. ஃப்ளாட்பாக்ஸ் போன்ற, வடிவமைப்புக் கோப்புகள் எவருக்கும் திறந்திருக்கும் திட்டங்களைப் பார்த்து நாமே போர்டைத் தருவித்து, உறையை முப்பரிமாண அச்சில் எடுத்துச் செய்துகொள்வது நான்காவது.

இவற்றிடையே தேர்வு செய்யும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, இதை எந்த இயந்திரத்தில் செருகப் போகிறீர்கள் என்பதுதான். கணினியில் மட்டும் ஆடுபவருக்கு இக்கேள்வி ஒரு நொடியில் தீர்ந்துவிடும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் முறையில் இயங்கும் எந்தப் பலகையையும் விண்டோஸ் உடனே அடையாளம் காணும். கன்சோலில் நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் 4, தன்னுடன் இணைந்த கன்ட்ரோலரிடம் அவ்வப்போது அடையாளச் சான்று கேட்கும். சரியான சாவி இல்லாத கருவி ஏறத்தாழ 8 நிமிடங்களில் துண்டிக்கப்பட்டுவிடும். பிளேஸ்டேஷன் 5 இதைவிடக் கண்டிப்பானது. உரிமம் பெற்ற கருவிகளுக்குள் அந்தச் சான்றைத் தரும் சிப் இருக்கிறது. திறந்த மூலப் பலகைகளில் அது இல்லை. சிறிதாக்கும்போதும் மலிவாக்கும்போதும் முதலில் வெளியே போனது அதுதான்.

அதற்கு மாற்று வழிகள் உண்டு. சில பலகைகளில் இரண்டாவதாக ஒரு யு.எஸ்.பி. துளை வைத்திருக்கிறார்கள், மேஃப்ளாஷ் போன்ற நிறுவனங்களின் டாங்கிள் எனும் சிறிய செருகு கருவியை அதில் செருகினால், கன்சோலின் கேள்விகளைப் பலகை அந்த டாங்கிளுக்குக் கடத்தி, அது தரும் பதிலைத் திருப்பி அனுப்பிவிடும். ப்ரூக் நிறுவனத்தின் விங்மேன் எஃப்.ஜி.சி. போன்ற மாற்றிகள் கன்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் இடையே அமர்ந்து இதே வேலையைச் செய்கின்றன. இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் கன்சோலின் மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கும் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று தேட வேண்டிய கவலை தொடர்ந்து இருக்கும். எக்ஸ்பாக்ஸிலும் இதே சான்றுச் சிக்கல் உண்டு. கிட்சுனேயோ பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் மட்டுமே உரியது. ஆகவே போட்டிகளுக்குச் சென்று, பிறருடைய பிளேஸ்டேஷன் 5-இல் செருகி ஆட வேண்டியவர், டாங்கிளின் விலையையும் அதைத் தொலைத்துவிடும் வாய்ப்பையும் சேர்த்தே சிறிய பலகையின் விலையைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்ட பின்னும் சிறியதுதான் மலிவாக இருக்கும் என்றாலும், இரண்டுக்கும் இடையே விளம்பரத்தில் தெரியும் இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அடுத்த கேள்வி இதைவிட நுட்பமானது. லீவரைக் கொண்டு ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியாது, பட்டனில் முடியும். அப்படி எதிரெதிர்த் திசைகள் சேர்ந்து அழுத்தப்படும்போது என்ன செய்வது என்பதை ஃபர்ம்வேர்தான் தீர்மானிக்கிறது, எஸ்.ஓ.சி.டி. (Simultaneous Opposing Cardinal Directions, எதிரெதிர்த் திசைகளின் ஒருங்கழுத்தம்) என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். இரண்டையும் ரத்து செய்து நடுநிலையாக்குவது ஒரு முறை. கடைசியாக அழுத்தியதை வெல்லவிடுவது இன்னொரு முறை. மேலும் கீழும் சேர்ந்தால் மேல் வெல்லட்டும் என்பது ஹிட் பாக்ஸ் நெடுங்காலம் பின்பற்றிய முறை.

ஏட்டில் சிறிய வேறுபாடாகத் தோன்றும் இது, ஆட்டத்தில் கையின் பழக்கத்தையே மாற்றிவிடும். நடுநிலை முறையில், வலப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இடப் பட்டனை ஒருமுறை தட்டினால், விளையாட்டுக்குப் போய்ச் சேர்வது வலம், நடுநிலை, வலம் என்ற வரிசை. அதாவது ஒரே தட்டில் டேஷ் எனப்படும் முன்னோக்கிய பாய்ச்சல். கடைசி அழுத்தம் வெல்லும் முறையில் அதையே செய்தால் வலம், இடம், வலம் என்று போகும், டேஷ் வராது. ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கைல் போன்ற, ஒரு திசையைச் சற்று நேரம் பிடித்திருந்த பிறகே சிறப்புத் தாக்குதலை விடக்கூடிய சார்ஜ் கதாபாத்திரத்தை ஆடுபவருக்கு அந்த இரண்டாவது முறை பெரும் சலுகை: பின் திசையை விடாமலேயே முன் திசையைத் தட்டி சோனிக் பூம் என்ற தாக்குதலை விடலாம், தட்டிய விரல் எழுந்த கணமே அடுத்த சார்ஜ் தொடங்கிவிடும். நடுநிலை முறையில் பின் பட்டனை விட்டே ஆக வேண்டும். முன்னால் நடந்துகொண்டிருக்கும்போது எதிரியின் தாக்குதலைத் தடுக்கப் பின் பட்டனை அழுத்தும் கணத்திலும் இதே கதைதான். முன் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்தால், நடுநிலையில் நின்றபடியே அடி வாங்க நேரிடும். புதிதாக வருபவர்கள் முதல் சில வாரங்கள் கருவியைக் குறை சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எந்த முறையைப் பயன்படுத்தலாம் என்பது நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததும் அன்று. 2019-இல் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் உமேஹாரா டைகோ பயன்படுத்திய காஃப்ரோ பாக்ஸ் என்ற லீவர்லெஸ் கருவியை, ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காம் தன் போட்டித் தொடரில் அனுமதிக்க மறுத்தபோதே, இக்கருவிகளின் எல்லை எது என்ற வாதம் எல்லோர் காதுக்கும் எட்டியிருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளியான 2023-இல், அந்தப் போட்டித் தொடரான கேப்காம் ப்ரோ டூரின் விதிகள் எதிரெதிர்த் திசைகள் ஒருங்கே அழுத்தப்பட்டால் எந்த ஒன்றுக்கும் முன்னுரிமை தரக் கூடாது என்று வரையறுத்தன. அதனால் மேல் வெல்லும் பழைய முறைக்கும் அங்கே இடமில்லாமல் போயிற்று. இங்கேதான் திறந்த மூலப் பலகைகள் பெருநிறுவனங்களை முந்துகின்றன. ராஸ்ப்பெரி பை நிறுவனத்தின் ஆர்பி2040 சிப்பில் இயங்கும் ஜிபி2040-சிஇ என்ற ஃபர்ம்வேரில், தொடக்கப் பட்டனைப் பிடித்தபடி வயரைச் செருகிவிட்டு, கணினியின் உலாவியில் 192.168.7.1 என்று தட்டினால், அமைப்புப் பக்கம் திறக்கும், எஸ்.ஓ.சி.டி. முறை, பட்டன்களின் பணி, விளக்குகள் எல்லாவற்றையும் அங்கேயே மாற்றலாம். விதி மாறினால் கருவியும் ஐந்து நிமிடத்தில் மாறும். உரிமம் பெற்ற கருவியில் தயாரிப்பாளர் புதுப்பிப்பு தரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. அமைப்பை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இருப்பதால், தவறாக மாற்றிவைக்கும் அதிகாரமும் நம்மிடமே இருக்கிறது. நடுவர் வந்து கேட்கும்போது தன் பலகை எந்த முறையில் இயங்குகிறது என்று சொல்லத் தெரியாதவர், விதியை மீறும் எண்ணம் இல்லாதவராயினும் சங்கடத்துக்குள்ளாவார். சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாலே முறை மாறிவிடும் குறுக்குவழிகளும் இந்த ஃபர்ம்வேரில் உண்டு என்பதால், போட்டிக்கு முன் அவற்றை அணைத்துவைப்பது நல்லது.

ஸ்விட்சுகளுக்கு வருவோம். சிறிய பலகைகளில் பெரும்பாலும் காணப்படுவது கெய்ல் நிறுவனத்தின் சாக் என்ற தாழ்ந்த உயர ஸ்விட்ச். அதன் சிவப்பு வகை ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும், 3 மில்லிமீட்டரில் அடியைத் தொடும், 50 கிராம் விசை கேட்கும்; ப்ரோ சிவப்பு என்ற இளகிய வகைக்கு 35 கிராம் போதும். வழக்கமான விசைப்பலகை ஸ்விட்சான செர்ரி எம்.எக்ஸ். சிவப்பு 2 மில்லிமீட்டரில் பதிவாகி 4 மில்லிமீட்டர்வரை இறங்குவது என்பதோடு ஒப்பிட்டால், சாக் எவ்வளவு குறுகிய தூரத்தில் வேலையை முடிக்கிறது என்பது தெரியும். வேகம் என்று இதைப் புகழ்வார்கள், உண்மைதான். ஆனால் ஆர்கேட் பட்டனின் மீது ஐந்து விரல்களையும் சும்மா கிடத்திவைத்துப் பழகியவருக்கு, இந்த வேகம் முதலில் வேண்டாத உதைகளாகவும் குத்துகளாகவுமே வெளிப்படும். எடை குறைந்த ஸ்விட்சே சிறந்தது என்ற எண்ணத்தோடு வாங்கி, பிறகு திசைப் பட்டன்களுக்கு மட்டும் கனமானதை மாற்றிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அப்படி மாற்ற முடிந்ததற்குக் காரணம், ஸ்விட்சைச் சாலிடர் இல்லாமல் பிடுங்கிச் செருகக்கூடிய சாக்கெட்டுகள் அப்பலகையில் இருந்ததுதான். இந்த வசதி இல்லாத சிறிய பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஆண்டுக்கணக்கில் ஒரே பட்டனை அடித்தால் ஸ்விட்ச் என்றேனும் தேயும், அதை மாற்றச் சாலிடரிங் அயர்ன் தேவைப்படும் கருவி பலருக்கு அன்றோடு முடிந்துபோகும். மாற்றும்போது இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஸ்விட்சின் உலோக முள் வளைந்திருந்தால் பலவந்தமாக அழுத்தக் கூடாது, அழுத்தினால் சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். பட்டன் மூடியை ஒருபக்கமாகச் சாய்த்து நெம்பக் கூடாது, சாக் மூடியின் இரண்டு சிறு கால்களும் அப்படித்தான் ஒடிகின்றன.

சான்வா பட்டனுக்கென்று ஒரு தனிச் சுகம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் பரப்பு அகலமானது. விரல் சற்றுத் தவறினாலும் பட்டனின் ஓரத்திலேனும் விழும். உதிரி கிடைப்பதும் எளிது, மாற்றுவதும் எளிது. ஆர்கேட் ஸ்டிக்கிலிருந்து மாறுபவரின் வலக்கைக்கு அது முன்பே தெரிந்த இடம். அழுத்தத்தை ஒளிக்கதிரைக் கொண்டு உணரும் கிட்சுனேயின் ஒளிவழி ஸ்விட்சுகள் இந்த இரண்டுக்கும் வேறானவை. அவற்றில் தேய்வதற்கு உலோகத் தொடுமுனை இல்லை.

தாமதம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வினாடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 திரைப்படங்களாக, ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.67 மில்லிவினாடி. ஒரு கருவி மற்றொன்றைவிட 3 மில்லிவினாடி மெதுவானது என்றால், அந்த வேறுபாட்டால் ஒரு அழுத்தம் அடுத்த ஃபிரேமுக்குத் தள்ளப்படும் வாய்ப்பு 3-ஐ 16.67-ஆல் வகுத்தால் வருவது, அதாவது நூற்றுக்குப் பதினெட்டு. அது பொருட்படுத்த வேண்டியதே. ஆனால் பட்டன்களின் நிலை குறித்து வினாடிக்கு 1000 முறை கணினியால் விசாரிக்கப்படும் நல்ல கருவிகளுக்குள் உள்ள வேறுபாடு ஒரு மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும். அந்த அளவில் சண்டையிடுவது விற்பனையாளர்களின் வேலை.

நான் அதிக நேரம் செலவிட்டுப் புரிந்துகொண்டது எடையும் கையும் சார்ந்த சிக்கலைத்தான். சிறிய பலகையிலிருந்து நீக்கப்பட்டவற்றில் மிக முக்கியமானது எடை. நீக்கப்பட்டபோது யாரும் வருந்தாததும் அதுவே. மேசையில் வைத்து ஆடினால் அடியிலுள்ள ரப்பர் பட்டை பிடித்துக்கொள்ளும். மடியில் வைத்தால், முழங்கால்களுக்கு இடையில் விழும் அளவுக்குக் குறுகலான பலகை, வேகமாக நான்கு திசைகளையும் வருடும் 360 பாகை அசைவின்போது இடம்பெயர்ந்துவிடுகிறது. பிறகு விரல்கள் பட்டனைத் தேடும். பெரிய பெட்டி தொடைகளின் மீது அமர்ந்து தானே நிற்கும், அங்கே அதன் பருமனே அதற்கு நங்கூரம். சிறியதை மடியில் வைத்து ஆட விரும்புபவர் கீழே ஒரு அகலமான மரப்பலகையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதையும் பையில் சுமக்க வேண்டுமென்றால் சிறியதை வாங்கியதன் பொருள் என்ன என்ற கேள்வி எழாமல் இராது.

கையைப் பொறுத்தவரை, தாழ்ந்த உயரம் மணிக்கட்டுக்கு நல்லது. உயரமான பெட்டியின் விளிம்பில் மணிக்கட்டு மேல்நோக்கி மடிவதைப் போல இங்கே மடிவதில்லை. ஆனால் பலகையின் நீளம் குறைந்தால் இரண்டு கைகளும் நெருங்கி, தோள்கள் உள்நோக்கிக் குவிந்து, மணிக்கட்டுகள் பக்கவாட்டில் வளையும். ஒரு மணி நேர ஆட்டத்தில் இது தெரியாது. நீண்ட பயிற்சியின் முடிவில் தெரியும். அகலமான தோளும் பெரிய உள்ளங்கையும் உடையவர்கள், இடக்கைத் தொகுதிக்கும் வலக்கைத் தொகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியை மற்ற எல்லா அளவுகளுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். உள்ளங்கை வைக்க முன்பக்கத்தில் இடம் இருக்கிறதா என்பது அதற்கு அடுத்தது. மிகச் சிறிய பலகைகளில் உள்ளங்கை மேசையின் மீதே விழும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும்.

பட்டன்களின் எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. சிறிய பலகைகள் பல 16 பட்டன்களோடு வருகின்றன. கூடுதல் பட்டன்களில் ஒன்றை, விசைப்பலகையில் பழகியவர்களுக்காக இடக்கையின் மேல்வரிசையில் இரண்டாவது குதிப்புப் பட்டனாக வைக்கலாம். இன்னொன்றை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் எதிரியின் தாக்குதலை ஏற்றுத் தடுக்கும் பேரி என்ற அசைவுக்குத் தனியாக ஒதுக்கலாம். வசதிதான். ஆனால் ஒரே திசைக்கு இரண்டு பட்டன் வைப்பதை எல்லாப் போட்டி விதிகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, எனவே முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை நிறுத்தும் பட்டன் விரல்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதோ வசதியே அன்று. பெட்டி வகைகளில் அது பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும். சிறியவற்றில் மேல்விளிம்பில், வலக்கைக்கு ஒரு அங்குலம் தள்ளியே இருக்கும். போட்டியில் தவறுதலாக ஆட்டத்தை நிறுத்தினால் அந்தச் சுற்றையே எதிரிக்கு விட்டுக்கொடுக்க நேரிடலாம். உரிமம் பெற்ற கருவிகளில் இதற்கெனத் தனிப் பூட்டு இருக்கும். ஜிபி2040-சிஇ-இல் அதை அமைப்புப் பக்கத்தில் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

வயர் செருகும் துளையும் கவனிக்கத்தக்கது. என்னிடம் முதலில் இருந்த சிறிய பலகையில் யு.எஸ்.பி. சி துளை போர்டின் ஓரத்தில் எந்தத் தாங்கலும் இல்லாமல் நின்றது. பையில் வயரோடு வைத்துச் சில மாதங்கள் அலைந்ததில் துளை தளர்ந்து, ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்தது. பழியில் பாதி என்னுடையது, வயரைக் கழற்றிவைத்திருக்க வேண்டும். எனினும் துளையை உறைக்குள் சற்று உள்வாங்கி அமைத்திருக்கும் மாடல்களையே அதன் பிறகு தேடுகிறேன். கிட்சுனேயில் வயருக்குப் பூட்டு இருப்பது இந்த இடத்தில் சிறு விஷயமாகத் தெரியவில்லை.

தானே செய்துகொள்வதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும்: சாலிடர் செய்யத் தெரிந்தவருக்கும், உடைந்தால் தானே சரிசெய்ய விரும்புபவருக்கும் அதைவிட நிறைவான வழி இல்லை, அடுத்த வாரம் ஆட வேண்டியவருக்கு அது வழியே அன்று.

இனி என் தெரிவு. கணினியில் மேசை முன் அமர்ந்து ஆடுபவர், முதன்முறையாக லீவர்லெஸ் பழகுபவர் ஆகிய இருவருக்கும் சாக்கெட் வசதியுள்ள திறந்த மூலச் சிறு பலகையே முதல் தேர்வு. அவர்களுக்கு நீக்கப்பட்டவற்றில் எதுவும் தேவைப்படாது, பழக்கம் பிடிக்காமல் போனாலும் இழப்பு சிறிது. பிளேஸ்டேஷன் 5-இல் மட்டுமே ஆடுபவர் உரிமம் பெற்ற மெல்லிய கருவிக்கே பணம் சேர்க்கட்டும். டாங்கிளோடு போராடி மிச்சப்படுத்தும் தொகை அந்த எரிச்சலுக்கு ஈடாகாது என்று நினைக்கிறேன். சோபாவில் சாய்ந்து, மடியில் வைத்து ஆடும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பவருக்கு முழு அளவுப் பெட்டி. கணினியிலும் ஆடி, மாதம் ஒருமுறை போட்டிக்கும் செல்பவர்தான் உண்மையில் தடுமாற வேண்டியவர். நான் அந்த வகை. இரண்டாவது யு.எஸ்.பி. துளையுள்ள சிறு பலகையையும், அதன் பின்புறத்தில் ஒட்டிவைத்த டாங்கிளையும் கொண்டு சமாளிக்கிறேன்.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பல பலகைகளின் பட்டன் அமைப்பு வரைபடமாகக் கிடைக்கிறது. அதை உண்மையான அளவில் காகிதத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, ஆடும் இடத்தில் ஆடும் தோரணையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக் கைகளை அதன் மீது இறக்கி, விரல் விழுந்த இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். மூன்று முறை செய்தும் கட்டைவிரல் குதிப்புப் பட்டனுக்கு வெளியே விழுகிறது என்றால், அடுத்த மாடலின் வரைபடத்தை அச்சிடுங்கள்.